கிட்டியும் ஒரு கையெழுத்தும்

சென்ற மாதம் நாங்கள் நான்கு பென்ஷன்காரர்கள் மாமல்லபுரம் போயிருந்தோம். செங்கல்பட்டிலிருந்து காலையில் பஸ் பிடித்தால் திருக்கழுக்குன்றம் வழியாக வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். அர்ஜுனன் தபசுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். எங்களில் ஒருவர் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்றைய பேப்பரில் ஏதோ ஒரு கொலைச் செய்தியைப் படித்துவிட்டுப் பேப்பரைக் கோபமாக மடித்து வைத்தார்.

"இவனுங்களையெல்லாம் கோர்ட்டு, வாய்தான்னு இழுக்கக் கூடாது சார். பிடிச்சுட்டுப் போய் நாலு தட்டு தட்டினா உண்மை தன்னால வந்துடும்" என்றார்.

மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. "நீங்க பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல படிச்சவரு, உங்களுக்கு இரக்கம் ஜாஸ்தி" என்று கேலி செய்தார்.

இரக்கம் காரணம் இல்லை. அன்று அவர்களிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

நான் படித்தது பாண்டிச்சேரியில். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டார்கள். சட்டப்படி முழு இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல்தான் நடந்தது. ஆனாலும் பிரெஞ்சு வழிப் பள்ளிகள் தொடர்ந்து நடந்தன. எங்கள் சரித்திர வாத்தியார் 1789-ஆம் வருடத்து மனித உரிமைப் பிரகடனத்தை ஷரத்து ஷரத்தாக ஒப்பிக்கச் சொல்வார். எட்டாவது ஷரத்தின் சாரம் இது: சட்டம் உண்மையிலேயே தேவையான தண்டனையை மட்டும்தான் விதிக்கலாம், அந்தச் சட்டமும் குற்றம் நடப்பதற்கு முன்பே இயற்றப்பட்டிருக்க வேண்டும். ஒன்பதாவது இன்னும் முக்கியமானது. குற்றவாளி என்று தீர்ப்பாகும் வரை ஒருவன் நிரபராதி. அவனைக் கைது செய்தே தீரவேண்டும் என்றாலும், பிடித்து வைப்பதற்குத் தேவையானதற்கு மேல் ஒரு கடுமையும் காட்டக்கூடாது.

அந்த வயதில் எங்களுக்கு ஓர் எண்ணம் இருந்தது. இந்த நல்ல விஷயங்களெல்லாம் பாரிஸில் விளைந்து கப்பலில் நமக்கு வந்து இறங்கின என்று நினைத்திருந்தோம். அதே காலத்தில் அல்ஜீரியாவில் பிரெஞ்சு ராணுவம் கைதிகளைச் சித்திரவதை செய்துகொண்டிருந்ததை வாத்தியார் சொல்லவில்லை. 1963-ல் இந்திய தண்டனைச் சட்டம் பாண்டிச்சேரிக்கும் வந்தது. அப்பா இறந்தபின் அம்மாவின் ஊரான செங்கல்பட்டுக்கு வந்தோம். பிறகு தேர்வு எழுதி வருவாய்த் துறையில் கிளார்க் ஆனேன்.

ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து, பேத்தி தன் டேப்லெட்டில் எனக்கு ஒரு பழைய அறிக்கையை இறக்கிக் கொடுத்தாள். 1855-ல் சென்னை ராஜதானிச் சித்திரவதை விசாரணைக் கமிஷன் கொடுத்த அறிக்கை அது. ஆங்கிலம் எனக்கு மூன்றாவது மொழி, மெதுவாகத்தான் படிப்பேன். படித்துக்கொண்டே வரும்போது ஆங்கில எழுத்தில் ஒரு வார்த்தை வந்தது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். 'கிட்டி'. நம்முடைய கிட்டிதான். இரண்டு கட்டைகளை ஒரு முனையில் சேர்த்து, நடுவில் விரலையோ தொடையையோ வைத்து நெருக்குவது. என் பாட்டி நாங்கள் பொய் சொன்னால், "கிட்டி போட்டாத்தான் நிஜம் வரும்" என்று அதட்டுவாள். அது நிஜமாகவே இருந்த கருவி என்று எழுபது வயதில்தான் தெரிந்தது.

இன்னொரு வார்த்தை அண்ணாந்தாள். துள்ளுகிற மாட்டுக்குக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கயிறு போடுவோமே, அதை மனிதனுக்குப் போடுவது. கழுத்தையும் கால் விரலையும் இழுத்துக் கட்டி, வெயிலில் குனிய வைத்து, முதுகில் கல்லை ஏற்றுவார்கள். கண்ணில் மிளகாய்ப்பொடி போடுவதும் உண்டு.

இதையெல்லாம் செய்தது யார்? போலீஸ் என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் என் துறைதான் செய்தது. 1816-ஆம் வருடத்து 11-ஆவது ரெகுலேஷன்படி கலெக்டரே மாஜிஸ்திரேட், தாசில்தாரே போலீஸ் தலைவர். வரி வசூலிக்கிற சேவகனும் திருடனைப் பிடிக்கிற சேவகனும் ஒரே ஆள்தான். கிஸ்தி பாக்கிக்கும் கிட்டி, திருட்டுக் கேஸுக்கும் கிட்டி. தாலுகா கச்சேரி வாசலிலேயே நடக்கும். நமது செங்கல்பட்டுச் சீமை 1763-ல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கம்பெனி பெற்ற ஜாகீர். கம்பெனியின் கச்சேரியை ராஜதானியில் முதலில் பார்த்த ஜனங்களில் நம் முன்னோரும் உண்டு.

இது வெளியே வரக் காரணமானவர்களில் முக்கியமானவர் ஒரு சென்னைக்காரர், காஜுலு லட்சுமிநரசு செட்டியார். 1852-ல் சென்னை சுதேசி சங்கத்தை ஆரம்பித்தவர். 'கிரெசன்ட்' பத்திரிகை நடத்தியவர். 1853-ல் டான்பி சீமோர் என்ற பிரிட்டிஷ் பார்லிமென்ட் உறுப்பினர் வந்தபோது அவரை ஜில்லா ஜில்லாவாக அழைத்துப் போய்க் குடியானவர்கள் படும் பாட்டை நேரில் காட்டினார். மறு வருடம் லண்டன் பார்லிமென்டில் கேள்வி எழுந்தது. 1854-ல் எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் என்ற மூவரைக் கொண்ட கமிஷன் அமைந்தது. ஏறத்தாழ 2,000 புகார்கள் வந்தன. ரயில் இல்லாத காலம். தூரத்து ஜில்லாக்களிலிருந்து கால்நடையாகவே சென்னைக்கு வந்து சொன்னவர்களும் உண்டு.

கமிஷன் உண்மையை ஒப்புக்கொண்டது. ஆனால் பழி முழுவதையும் சுதேசிச் சேவகர்கள் மேல் போட்டுவிட்டு, வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இதில் சம்பந்தமில்லை என்று எழுதியது. வரித்தொகையை நிர்ணயித்து, வசூலித்தே தீரவேண்டும் என்று உத்தரவு போட்டவர்கள் யார் என்ற கேள்வி அப்படியே நின்றுவிட்டது. அர்ஜுனன் தபசுச் சிற்பத்தில் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு ஒரு பூனை தவம் செய்யும், சுற்றிலும் எலிகள் இருக்கும். எனக்கு அந்தப் பூனை ஞாபகம்தான் வந்தது. அப்படியிருந்தும் அந்த அறிக்கை மறைக்கப்படவில்லை. 1857-ல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இதை வைத்துக் கட்டுரையே எழுதினார்.

பலனும் கிடைத்தது. 1859-ல் வந்த சட்டத்தின்படி சென்னை ராஜதானியில் போலீஸ் தனித் துறையாகி வருவாய்த் துறையிலிருந்து பிரிந்தது. 1860-ல் இந்திய தண்டனைச் சட்டம் வந்தது. அதன் 330-ஆவது பிரிவு, வாக்குமூலம் வாங்குவதற்காக ஒருவரைக் காயப்படுத்துவதைக் குற்றமாக்கியது. அந்தப் பிரிவுக்குக் கீழே உதாரணங்கள் கொடுத்திருக்கிறார்கள். போலீஸ் அதிகாரி ஒருவர் சித்திரவதை செய்வது ஓர் உதாரணம். வரி பாக்கியைக் கட்ட வைப்பதற்காக வருவாய்த் துறை அதிகாரி சித்திரவதை செய்வது இன்னோர் உதாரணம். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அந்தத் துறையில் வேலை பார்த்தவன் நான். தண்டனைச் சட்டத்தில் எங்கள் துறைக்கு இப்படி ஓர் இடம் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

1861-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், பிறகு 1872 சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவிலும் ஒரு விதி உட்கார்ந்தது: போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கோர்ட்டில் குற்றவாளிக்கு எதிராகக் காட்டக்கூடாது. சொன்னது நிஜமாகவே இருந்தாலும் கூடாது. ஏன் இவ்வளவு கண்டிப்பு? அடித்தால் கிடைப்பது செல்லாது என்று ஆக்கிவிட்டால் அடிக்கவேண்டிய அவசியம் குறையும் என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் 27-ஆவது பிரிவில் ஒரு சந்து விட்டார்கள். வாக்குமூலத்தைக் கொண்டு ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால், அதைப் பற்றிய பகுதி மட்டும் செல்லும். அந்தச் சந்து வழியாகத்தான் நானும் ஒரு முறை போனேன்.

எழுபதுகளின் நடுவில், கடலோரத்தில் ஒரு சின்ன அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை, பெட்டியில் வைத்த வசூல் பணம் காணவில்லை. எண்ணூற்றுச் சொச்சம் ரூபாய். அன்று என் மூன்று மாதச் சம்பளத்துக்குக் கிட்ட வரும். ராத்திரி காவல் பார்த்த வாட்ச்மேனைப் போலீஸ் அழைத்துப் போனது. பக்கத்துக் குப்பத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். மூன்றாம் நாள் ஸ்டேஷனிலிருந்து ஒரு மகஜர் வந்தது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், பனந்தோப்பில் புதைத்து வைத்திருந்த பணப்பையைச் சாட்சிகள் முன்னிலையில் எடுத்துக் கொடுத்தார் என்று எழுதியிருந்தது. தலைமை எழுத்தர் நீட்டினார். "அரசாங்க ஊழியர் ஒருத்தர் சாட்சி வேணுமாம். போடுப்பா."

நான் பனந்தோப்புக்குப் போகவில்லை. பையையும் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். தேதியும் போட்டேன்.

பத்து, பன்னிரண்டு நாள் கழித்துப் பணம் எங்கே என்று தெரிந்தது. லீவில் போயிருந்த இன்னொரு ஊழியர் சனிக்கிழமையே அதைக் கருவூலத்தில் கட்டிவிட்டிருந்தார். சலான் வேறு ஒரு கட்டுக்குள் போய்விட்டது, அவ்வளவுதான். வழக்கை விட்டுவிட்டார்கள். வாட்ச்மேன் திரும்ப வேலைக்கு வந்தார். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தார். வலது கை விரல்கள் மடங்கவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் மாற்றலாகும் வரை தினமும் "வணக்கம் சார்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

சட்டம் இருந்தது. 330 இருந்தது, 25 இருந்தது. அவற்றுக்கு மேல் அரசியலமைப்புச் சட்டமும் இருந்தது. தண்டிக்கும் அதிகாரம் அரசுக்குச் சொந்தச் சொத்தாக வந்ததல்ல, சட்டம் கொடுத்தது. கொடுத்த சட்டமே எல்லையும் போட்டிருக்கிறது. 20-ஆவது ஷரத்தில் மூன்று எல்லைகள். செய்தபோது குற்றமாக இல்லாததற்குப் பின்னால் சட்டம் போட்டுத் தண்டிக்கக்கூடாது. ஒரே குற்றத்துக்கு இரண்டு தடவை தண்டிக்கக்கூடாது. குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக்கூடாது. முதல் எல்லை என் வாத்தியார் ஒப்பிக்க வைத்த எட்டாவது ஷரத்துதான். மூன்றாவது எல்லையைப் படிக்கும்போது எனக்குக் கிட்டிதான் ஞாபகம் வரும். 21-ஆவது ஷரத்து, சட்டம் வகுத்த நடைமுறை இல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக்கூடாது என்கிறது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற 22-ஆவது ஷரத்தை 1949 செப்டம்பரில் அம்பேத்கர் சபையில் கொண்டுவந்தார். 21 மட்டும் போதாது என்று உறுப்பினர்கள் பலர் குறைப்பட்டதன் பலன் அது.

நமக்கும் பழைய பெருமை உண்டு. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் வருடக் கல்வெட்டுகள் இருக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி குடவோலைக்கு வரமுடியாது. நல்ல விதிதான். ஆனால் அவனுடைய உறவினர்களும் வரமுடியாது என்று அதே கல்வெட்டு சொல்கிறது. குற்றம் செய்தவனோடு தண்டனை நிற்கவேண்டும் என்பது எவ்வளவு தாமதமாக வந்த பாடம் என்று அங்கே போகும்போதெல்லாம் நினைப்பேன்.

எல்லை போட்ட மறு மாதமே அதை உரசிப் பார்த்தார்கள். 1950 பிப்ரவரியில் தடுப்புக் காவல் சட்டம் வந்தது. சென்னை மாகாணச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றம் போனார். 1950 மே 19-ல் தோற்றார். ஆனாலும் காவலில் வைத்த காரணத்தைக் கோர்ட்டில்கூடச் சொல்லக்கூடாது என்ற 14-ஆவது பிரிவு அடிபட்டுப் போனது. நெருக்கடி நிலையில் நடந்ததை நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மிசா கைதிகள் சென்னை மத்திய சிறையில் பட்ட அடியை நீதிபதி இஸ்மாயில் கமிஷன் விசாரித்தது. 20, 21 ஷரத்துகளை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாது என்ற பாதுகாப்பு அதற்குப் பிறகுதான், 1978-ல் 44-ஆவது திருத்தத்தின் மூலம் வந்தது.

அப்புறம் 1991 மே 21. ஸ்ரீபெரும்புதூர் அன்றைக்கு நம் மாவட்டத்தில் இருந்த ஊர். ராஜீவ் காந்தியோடு, பந்தோபஸ்துக்கு நின்ற காவலர்கள் உட்படப் பலர் உடல் சிதறி இறந்தார்கள். மறுநாள் செங்கல்பட்டில் கடை இல்லை, பஸ் இல்லை. நாலு தட்டு என்று போஸ்ட் மாஸ்டர் இப்போது சொன்னதை அன்று நானே சொன்னேன். இரண்டு கையால் டம்ளர் பிடித்தவரை மறந்துவிட்டுச் சொன்னேன்.

வழக்கு தடா சட்டத்தில் நடந்தது. அந்தச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத போலீஸ் அதிகாரி வாங்கிய வாக்குமூலம் செல்லும் என்றது. 1861-ல் பூட்டிய கதவைத் திறந்துவிட்டது. 1998 ஜனவரி 28-ல் பூந்தமல்லி தனிக்கோர்ட் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 26 பேருக்கும்! 1999 மே 11-ல் உச்ச நீதிமன்றம், இது தடா குற்றமே அல்ல என்று சொல்லி, நான்கு பேருக்குத் தூக்கையும் மூன்று பேருக்கு ஆயுளையும் வைத்துக்கொண்டு 19 பேரை விடுவித்தது. அவர்களில் சிறிய குற்றங்கள் நிரூபணமானவர்கள் அதற்கான தண்டனைக் காலத்தை ஏற்கெனவே உள்ளேயே கழித்துவிட்டிருந்தார்கள். முதல் தீர்ப்போடு கதை முடிந்திருந்தால் அந்த 19 பேரும் தூக்கில் தொங்கியிருப்பார்கள். நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் தடாவில் வாங்கிய வாக்குமூலங்கள் செல்லும் என்பதை உச்ச நீதிமன்றம் அப்படியே வைத்துக்கொண்டது.

அந்த நால்வரில் ஒருவர் பேரறிவாளன். கைதானபோது வயது 19. இரண்டு பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மேல் இருந்த முக்கியமான குற்றச்சாட்டு. அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், ஓய்வு பெற்ற பிறகு 2013-ல் ஓர் உண்மையைச் சொன்னார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாகச் சொன்னார். ஒரு வரி. 2014-ல் கருணை மனு தாமதத்தைக் காரணம் காட்டித் தூக்கு ரத்தானது. 2022 மே 18-ல் அவர் விடுதலையானார். அவர் நிரபராதி என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை, அதையும் நான் மறைக்கக்கூடாது. ஆனால் எழுதுகிறவன் விட்டுவிடுகிற ஒரு வரியும், பார்க்காதவன் போடுகிற ஒரு கையெழுத்தும் என்ன செய்யும் என்று ஒரு கிளார்க்குக்குத் தெரியும்.

தடா 1995-ல் காலாவதியானது. பிறகு 2002-ல் பொடா அதே கதவை மறுபடி திறந்தது, 2004-ல் அதுவும் போனது. 2010-ல் உச்ச நீதிமன்றம், சம்மதம் இல்லாமல் ஒருவருக்கு மயக்க ஊசி போட்டு உண்மை வாங்குவதும் கூடாது என்றது. 2024 ஜூலை 1 முதல் சட்டங்களின் பெயர்கள் மாறிவிட்டன. பழைய 25 இப்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 23-ல் இருக்கிறது, 330-ன் சாரம் புதிய தண்டனைச் சட்டத்தின் 120-ல் இருக்கிறது. பேர் மாறினாலும் பூட்டு அதேதான்.

2020 ஜூனில் சாத்தான்குளம். கொரோனா ஊரடங்கில் கடை திறந்து வைத்திருந்ததாகப் பிடித்துப் போன தகப்பனும் மகனும் காவலில் செத்தார்கள். மதுரை உயர் நீதிமன்றக் கிளை ஓர் உத்தரவு போட்டது. தடயங்கள் அழியாமல் இருக்க, அந்தப் போலீஸ் ஸ்டேஷனை வருவாய்த் துறை தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது. டி.வி.யில் அந்தச் செய்தியைப் பார்த்தபோது எழுந்து நின்றுவிட்டேன். சித்திரவதைக்குப் பயந்து வருவாய்த் துறையிடமிருந்து போலீஸைப் பிரித்தது 1859-ல். 161 வருடம் கழித்து, சித்திரவதைக்குச் சாட்சியம் காக்க வருவாய்த் துறை ஆட்கள் ஸ்டேஷனுக்குப் போனார்கள். எந்தத் துறை கையில் இருந்தாலும், கேட்க ஆள் இல்லாவிட்டால் கை நீளும். எல்லை போட்டதெல்லாம் அதற்காகத்தான்.

குற்றவாளி தப்பிக்கக்கூடாது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் இந்த எல்லைகளை யாரோ பாரிஸிலோ லண்டனிலோ இரக்கப்பட்டு நமக்குத் தந்தார்கள் என்று இப்போது நான் நினைக்கவில்லை. கால் தேயச் சென்னைக்கு நடந்துபோய், "என் விரலைப் பாருங்கள்" என்று காட்டிய நம் குடியானவர்களும் அதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள். கோபத்தில் அதை விட்டுக்கொடுக்க நாம் யார்?

இவ்வளவையும் அன்று டீக்கடையில் சொல்லி முடிக்கவில்லை. பஸ்ஸிலும் பேசிக்கொண்டே வந்தோம். போஸ்ட் மாஸ்டர் ஒன்றும் பதில் சொல்லவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் திரும்பி, "அந்த வாட்ச்மேன் பேரு என்ன சார்?" என்று கேட்டார்.

சொன்னேன். ஐம்பது வருடத்தில் யாரும் என்னிடம் அந்தப் பெயரைக் கேட்டதில்லை. இங்கே எழுதவில்லை; அவருடைய பிள்ளைகள் இருக்கிறார்கள்.